வாரத்தின் ஆறாம் நாள்



எந்தப் பெரியவரின் ஞாபகார்த்தமாக இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளை ஏற்பட்டதோ, அவர் கோட்டைப் பகுதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக அமர்ந்து, ஓய்வு பெறும்வரை சனிக்கிழமையும் ஆபீஸுக்குப் போய்வந்தவராதலால், உத்தியோகஸ்தர்களின் வேலை வாரத்தைக் குறுக்குவது பற்றி இன்று பேசுவது பொருத்தமென்று கருதுகிறேன்.

வார ஓய்வு இந்த நகரத்தில் யாரும் மனமுவந்து அளித்த தானமன்று. 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த நாராயண் மேகாஜி லோகண்டே, ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் என்ற சமயக் காரணத்தையும் சாமர்த்தியமாகத் துணைக்கழைத்து, விண்ணப்பமும் கூட்டமுமாக வருஷக் கணக்கில் போராடிய பிறகே, 1890 ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தது 1985-இல். மகாராஷ்டிர அரசு அதை ஏற்றது 2020 பிப்ரவரி 29 முதல்.

இந்த மகாராஷ்டிர ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் இங்கே முன்பே விடுமுறை. எஞ்சிய சனிக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்த அரசு, அன்றாட வேலையை முக்கால் மணி நீட்டி, மாலை ஐந்தரைக்கு எழுந்தவரை ஆறேகால்வரை உட்காரவைத்தது. இரண்டு வாரத்தின் பத்து நாளில் கூடியது ஏழரை மணி. கழிந்த ஒரு சனிக்கிழமையின் அலுவல், உணவு இடைவேளை நீங்கலாக, ஏழேகால் மணி. ஆக, வேலை குறையவில்லை; கால் மணி கூடியது! ஆயினும் இதை வெறும் கண்கட்டு வித்தையென்று தள்ள எனக்கு மனமில்லை. மாட்டுங்காவில் குடியிருக்கக் கட்டாமல் செம்பூருக்கும், அங்கிருந்து முலுண்டுக்கும் டோம்பிவிலிக்குமாகக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், விடியுமுன் எழுந்து சமைத்து, டப்பா கட்டி, ஃபாஸ்ட் வண்டியின் மகளிர் பெட்டியில் நின்றபடியே பிரயாணம் செய்யும் பெண்ணுக்கு, போகவர ஏறக்குறைய மூன்று மணி எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாமல் கழிகிறது. சனிக்கிழமை விடுமுறையில் மிஞ்சுவது அந்த மூன்று மணியே. அது மெய்யான லாபம்.

ஆனால், தாராவியில் தோல் பையும் ஆயத்த ஆடையும் தைப்பவர்கள் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அவர்களுக்கு விடுமுறை என்பது வருமானமில்லாத நாள். இன்றைய என் பேச்சு அவர்களைத் தொடவில்லை. தொடுவதாகப் பாசாங்கு செய்வதும் தகாது.

உத்தியோகஸ்தர்களிடமே திரும்புவோம். வங்கிகளில் 2015 செப்டம்பர் முதல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுமுறை உண்டு. மற்றவற்றையும் கேட்கும் ஊழியர் சங்கங்கள், அதற்கு ஈடாகத் தினந்தோறும் நாற்பது நிமிஷம் கூடுதலாக உழைக்க இசைந்திருக்கின்றன. பேரம் எனக்கு முழுச் சம்மதமன்று. சனிக்கிழமையைப் பெற்றுக்கொண்டு, அந்த நாற்பது நிமிஷத்தைப் பின்னர் வாதாடி மீட்க வேண்டுமென்பேன். அதுவரை, சிலருக்குக் காலையிலும் சிலருக்கு மாலையிலுமாக அதைப் பிரித்து நீட்டும்படி சங்கத்தார் வற்புறுத்தலாம். நகரத்து உத்தியோகஸ்தர் அனைவரும் ஒரே ஆறேகாலுக்கு எழுந்து வி.டி. ஸ்டேஷனில் முட்டிமோத வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை.