கந்தையிலிருந்து கலை: தையற் போர்வைகளும் கிராமப் பெண்களின் உழைப்பும்

(கைத்தொழில் மேம்பாட்டு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

உடுத்துப் பழகிய துணியை வீசியெறியாமல், அடுக்கடுக்காக வைத்துத் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. வங்காளத்தில் அது காந்தா, வட பீகாரில் சுஜனி, கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களிடையே கவந்தி, மகாராஷ்டிரத்தில் கோதடி. வங்கத்துக் காந்தாவும் தமிழில் வழங்கும் கந்தை என்னும் சொல்லும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் ரஜாய், பஞ்சைக் கொட்டி நிரப்பித் தைக்கப்படுவது. அது வேறு வகை. முற்கூறியவற்றில் பஞ்சு இல்லை. பழந்துணியும் நூலும் ஊசியும் ஒரு பெண்ணின் ஓய்வு நேரமுமே அவற்றின் மூலப்பொருள்கள்.

வீட்டுத் தேவைக்காகப் பிறந்த இக்கைப்பணி இன்று விற்பனைப் பண்டமாகியிருக்கிறது. இம்மாற்றத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. போர்வையின் வடிவத்தைச் சிந்திப்பவர் யார்? அதைத் தைப்பவருக்குக் கிடைப்பது என்ன? கைத்தொழில் மேம்பாட்டுப் பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் இவ்வினாக்களை எதிர்கொண்டாக வேண்டும்.

தைக்கும் முறை

காந்தா தைக்கும் பெண் முதலில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் நன்கு துவைத்து, கிழிந்த பகுதிகளை நீக்குகிறாள். பின்னர் அவற்றைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள். குளிர்காலப் போர்வைக்கு அடுக்குகள் மிகுதியாகவும், சிறு விரிப்புக்குக் குறைவாகவும் அமையும். ஓரங்களை மடித்துத் தைத்தபின், அடுக்குகள் நழுவாதிருக்க நீண்ட தையல்களை இடுகிறாள். அதன் பிறகே வடிவம் தொடங்கும். நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரம் அல்லது மாங்காய் வடிவம், இடைவெளிகளில் யானை, மீன், தேர், படகு என்று அது விரியும். முற்காலத்தில் வண்ண நூல் விலைக்கு வாங்கப்படவில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்தே அது உருவியெடுக்கப்பட்டது.

இக்கலைக்கு அடிப்படை, ஊசி துணியின் மேலும் கீழுமாகச் செல்லும் எளிய ஓட்டத் தையலே. உருவங்களைச் சுற்றிலும் அவற்றின் விளிம்பைப் பின்பற்றி வரிவரியாக இத்தையல் இடப்படுவதால், துணிப்பரப்பு நீர்மேல் எழும் சிற்றலை போல நெளிந்து தோன்றுகிறது. அடுக்குகளை உறுதியாகப் பிணைப்பதும் இத்தையலே; அழகைத் தருவதும் இதுவே. பயனும் அழகும் இங்கே வெவ்வேறு வேலைகளாகப் பிரியவில்லை.

சுஜனியில் பின்னணி முழுவதும் துணியின் நிறத்திலேயே நுண்ணிய ஓட்டத் தையலால் நிரப்பப்படும். உருவங்களின் எல்லைக்கோடு கறுப்பு அல்லது பழுப்பு நூலில் சங்கிலித் தையலாக அமையும். உட்பகுதி வண்ண நூலால் நிரப்பப்படும். பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்காகவே தொடக்கத்தில் இது தைக்கப்பட்டது. தாயின் பழஞ்சேலையைப் போன்று மென்மையான துணி பச்சிளங்குழந்தைக்கு வேறில்லை.

சித்தி பெண்களின் முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான இம்மக்கள் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் வாழ்கின்றனர். 2003-ஆம் ஆண்டில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். கவந்திக்கு முன்கூட்டிய வரைபடம் கிடையாது. பழஞ்சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்கி, குடும்பத்தினர் உடுத்துக் கழித்த துணிகளின் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தவாறு, சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை அடைகின்றனர். எத்துண்டின் அருகில் எந்நிறம் பொருந்தும் என்பதைத் தைக்கும்போதே தீர்மானிக்கின்றனர். நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று பொருள்படும் பெயருடைய மடித்த துணித்துண்டுகளை வைத்துத் தைத்தால்தான் கவந்தி நிறைவு பெற்றதாகக் கருதப்படும். இந்து, இஸ்லாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயங்களையும் சார்ந்தோர் சித்திகளிடையே உள்ளனர். போர்வைகளில் பிறையும் சிலுவையும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

பெயர் பொறித்தவளும் பெயரில்லாதவர்களும்

வடிவமைப்பாளர் என்பவர் தனியே இருப்பவர் என்றும், கைவினைஞர் அவர் சொற்படி செய்பவர் என்றும் ஒரு கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அலுவலராக இருந்த குருசதய் தத் திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் புகழ்பெற்றது மானதசுந்தரி என்னும் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்தது. சிப்பாய்களையும் வெள்ளைத் துரைமார்களையும் தம் காலத்து வாழ்க்கைக் காட்சிகளையும் ஊசியால் தீட்டிய அவர், தந்தைக்காகத் தம் கையால் செய்தது என்னும் செய்தியையும் அதிலேயே தைத்து வைத்தார். கருத்தும் வடிவமும் தையலும் ஒருவருடையவை. அவற்றுக்கு அவருடைய பெயரும் உண்டு.

இதற்கு நேர்மாறான மரபும் வங்காளத்தில் இருந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சாத்காவ்ன் பகுதியிலிருந்து போர்த்துகீசிய வணிகர் படுக்கை விரிப்புகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். வெண்பருத்தித் துணிமேல் மஞ்சள் நிற டசர்ப் பட்டு நூலால் தைக்கப்பட்ட அவற்றில் விவிலியக் கதைகளும் ஐரோப்பியக் கப்பல்களும் காணப்படுகின்றன. லிஸ்பன், லண்டன் அருங்காட்சியகங்கள் அவற்றைப் போற்றிக் காத்து வருகின்றன. பொருள் வாங்குவோரின் விருப்பத்திற்கேற்ப அமைந்தது. தைத்தவர்களில் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை.

இன்றைய கைத்தொழில் இவ்விரு வழிகளில் எதனைப் பின்பற்றும் என்பதே கருதத்தக்கது.

புசுரா தரும் பாடம்

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த புசுரா கிராமத்தில், அழிந்து வந்த சுஜனியை மீட்கும் பணி 1988-ஆம் ஆண்டில் தொடங்கியது. பாட்னாவைச் சேர்ந்த அதிதி என்னும் தொண்டு நிறுவனம் இதற்கு ஊக்கமளித்தது. கிராமத்து மகளிர் சங்கத்தை நிர்மலா தேவி வழிநடத்தினார். வெளியே சென்று வேலை செய்யும் வழக்கமில்லாத குடும்பங்களின் பெண்களும் இதில் சேர்ந்தனர். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணி என்பதால் தடையும் குறைவாக இருந்தது.

அப்பெண்கள் பழைய பூவும் பறவையும் தைப்பதோடு நின்றுவிடவில்லை. வரதட்சணைக் கொடுமை, பெண் கல்வி, பெண் சிசுக்கொலை, தேர்தல், எய்ட்ஸ் நோய் ஆகியவற்றையும் போர்வையில் கதையாகத் தைத்தனர். பலர் கூடிய இடத்தில் வாய்திறந்து சொல்ல இயலாதவற்றை ஊசி சொல்லியது. சுஜனி வேலைப்பாடு 2006-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நிர்மலா தேவிக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காந்தாக் கலைக்காகப் பிரீதிகணா கோஸ்வாமி 2023-ஆம் ஆண்டிலும், தக்தீரா பேகம் 2024-ஆம் ஆண்டிலும் அதே விருதைப் பெற்றனர்.

விருது ஒருவருக்கு வருகிறது, தைப்பவர்களோ பல்லாயிரவர். அவர்களுடைய நிலையை ஆராய்வது இன்றியமையாதது.

கூலியின் கணக்கு

காந்தாத் தையல் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் பரவியபின், பீர்பூம் போன்ற மாவட்டங்களில் வேலை பிரித்தளிக்கும் முறை வேரூன்றியது. ஒருவர் வடிவத்தை வரைந்து, மெல்லிய தாளில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த நிறப்பொடியைத் தேய்த்துத் துணியில் பதிக்கிறார். இடைத்தரகர் அத்துணியையும் நூலையும் வீடுவீடாகக் கொடுத்துத் தைத்து வாங்குகிறார். தைப்பவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே வடிவம் பல ஊர்களில் பல கைகளால் தைக்கப்படுகிறது. இம்முறையால் வேலை பெருகியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிந்திக்கும் பணி பெண்ணின் கையைவிட்டு நீங்கியது. செலவிட்ட நேரத்தைக் கணக்கிடும் வாய்ப்பும் உடன் நீங்கியது.

உருப்படிக் கூலியின் குறையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். வீட்டு வேலைகளுக்கிடையே ஒரு பெண் நாள்தோறும் 5 மணி நேரம் தைத்து, 60 நாட்களில் ஒரு போர்வையை முடிக்கிறாள் என்று கொள்வோம். மொத்தம் 300 மணி நேரம். 8 மணி நேரம் கொண்ட வேலை நாட்களாகக் கணக்கிட்டால் 37½ நாட்கள். நாட்கூலி 400 ரூபாய் எனில், உழைப்பின் மதிப்பு மட்டும் 15,000 ரூபாய். துணி, நூல், சலவை, விற்பனைச் செலவு யாவும் இதற்கு மேல். அப்போர்வைக்கு 4,000 ரூபாய் கூலி தரப்படுமாயின், அவளுடைய உண்மையான நாட்கூலி 107 ரூபாய்க்கும் குறைவே. வேலை ‘ஓய்வு நேரத்தில்’ செய்யப்படுகிறது என்று கூறப்படுவதாலேயே இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. ஓய்வு நேரமும் நேரமே. கண்ணும் விரலும் அப்போதும் தேய்கின்றன.

சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பண்டத்தின் பெயரையும் அது பிறந்த பகுதியையும் பாதுகாக்கிறது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008-ஆம் ஆண்டில் இப்பதிவைப் பெற்றது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பெண் எண்ணி உருவாக்கிய குறிப்பிட்ட வடிவத்தை இச்சட்டம் காப்பதில்லை. கைவினைஞர் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனத் தனியே பதிவு செய்துகொண்டாலன்றி, குறியீட்டின் முழுப்பயனும் அவரை அடைவதில்லை.

புதிய வடிவத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டுகள், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள். கலைப்படைப்பு என்ற முறையில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் துணை நிற்கும். எனினும் பதிவு செய்யத்தக்க வடிவமொன்று பதிவு செய்யப்படாமல், உரிமையாளராலோ அவருடைய இசைவுடனோ தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுக்கப்பட்டால், அதன் பதிப்புரிமை அற்றுப்போகும். இந்நுட்பத்தைக் கிராமத்துச் சங்கங்களுக்கு எடுத்துரைப்பது அலுவலர்களின் கடமையாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிற்சி முகாம்களில் தையல் மட்டுமன்றி வரைதலும் நிறப்பொருத்தமும் கற்பிக்கப்பட வேண்டும். வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர் ஆயத்தப் படங்களைத் தந்து செல்வதைவிட, பெண்களின் சொந்த நினைவுகளைப் படமாக்கத் துணைபுரிவதே மேலானது. கவந்தி தைக்கும் பெண்களுக்கு வரைபடத்தைத் திணித்தால், அக்கலையின் உயிரே போய்விடும் என்பதும் மறக்கத்தகாதது.

இரண்டாவதாக, ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் தைத்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் தைக்கப்பட வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. வாங்குவோருக்கு நம்பிக்கையும், தைத்தவருக்குத் தம் வடிவம் தம்முடையதே என்பதற்குச் சான்றும் இதனால் கிடைக்கும்.

மூன்றாவதாக, தையல் நேரத்தைக் குறிக்கும் சிறு கணக்கேடு ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும். விலை நிர்ணயம் அதனடிப்படையில் அமைய வேண்டும்.

நான்காவதாக, தரத்தில் கவனம் வேண்டும். சாயம் போகாத நூல், தைப்பதற்கு முன்பே நனைத்துச் சுருக்கிய துணி, நல்ல வெளிச்சம், கண் பரிசோதனை ஆகியவை சிறு செலவில் பெரும்பயன் தருபவை. புதுத்துணி எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பழந்துணியைக் கைவிட வேண்டுவதில்லை. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மையைப் புதுத்துணி தராது.

கைத்தொழில் வளர்ச்சியை விற்பனைத் தொகையால் மட்டும் அளப்பது போதாது. தைத்த பெண் தன் உழைப்பின் நேரத்தை அறிந்திருக்கிறாளா, தன் வடிவத்தைத் தன்னுடையதென்று சொல்ல முடிகிறதா என்பவையும் அளவுகோல்களாக வேண்டும். பழந்துணிகளைப் பிணைத்து உறுதியான போர்வையாக்கும் ஆற்றல் அவளிடம் ஏற்கெனவே உள்ளது. அவ்வாற்றலுக்கு உரிய விலையையும் பெயரையும் பெற்றுத் தருவதே திட்டமிடுவோரின் பொறுப்பாகும்.