லேபிளைப் படித்து வாங்குவோம், லேபிளை எழுதி விற்போம்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சேமிப்பு, வங்கிக் கடன் பற்றியெல்லாம் என்னைவிட நல்லாப் பேசுறவங்க இங்கே இருக்காங்க. அதனால் நான் நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிற டப்பா, பாக்கெட், பாட்டில் மேலே என்ன எழுதியிருக்கு என்பதைப் பற்றிப் பேசலாம்னு வந்தேன். முதல்ல கொஞ்சம் சிரிப்போம். அப்புறம் யோசிப்போம்.

கடலை மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. "இதில் வேர்க்கடலை உள்ளது" என்று எச்சரிக்கை இருக்கும். கடலை மிட்டாயில் கடலை இல்லாமல் வேறென்ன இருக்கும்? கொசுவர்த்திச் சுருள் அட்டை ஒன்றில் "கதவு ஜன்னலை மூடி ஏற்றவும்" என்று ஒரு வரி. அதுக்கு நாலு வரி கீழே "காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும்" என்று இன்னொரு வரி. ஜன்னலை மூடுறதா, திறக்கிறதா? கொசுவைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும் போல.

தலைக்குப் போடுற சாயப் பாக்கெட் இன்னும் வேடிக்கை. முதல்நாளே கொஞ்சம் எடுத்துத் தோலில் தடவி, 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடணும் என்று இருக்கும். பக்கத்திலேயே "பிரித்தவுடன் முழுவதும் பயன்படுத்தவும், மீதி வைக்கக் கூடாது" என்றும் இருக்கும். இருக்கிறதோ ஒரே ஒரு தடவைக்கான பொடி! சோதனைக்கு ஒரு பாக்கெட், தலைக்கு ஒரு பாக்கெட் வாங்கணும்னு யாரும் சொல்றதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். உடம்பில் போட்டிருக்கும்போதே துணியை இஸ்திரி போடாதீர்கள் என்று அமெரிக்காவில் இஸ்திரிப் பெட்டியோடு எழுதிக் கொடுத்திருக்காங்க. துணி துவைக்கிற மிஷினில் ஆளைப் போடாதீர்கள் என்றும் எழுதியிருக்காங்க. இந்த மாதிரி கிறுக்கு எச்சரிக்கைகளைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுக்க அங்கே ஒரு போட்டியே நடந்தது.

ஏன் இப்படி எழுதுறாங்க? வழக்குக்குப் பயந்துதான். 1992-இல் அங்கே 79 வயது அம்மா ஒருத்தர் மெக்டொனால்ட்ஸ் கடையில் காபி வாங்கினார். நின்றிருந்த காருக்குள் மூடியைத் திறக்கும்போது காபி மடியில் கொட்டிவிட்டது. தோல் வெந்து, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுகிற அளவுக்குப் புண். வழக்கு 1994-இல் ஜூரி முன்னால் வந்தது. பெரிய தொகை இழப்பீடு தரச் சொன்னாங்க. "காபி சூடாக இருக்கும்னு தெரியாதா?" என்று உலகமே அந்த அம்மாவைக் கேலி பண்ணுச்சு. ஆனால் அதே மாதிரி வெந்து போனதாக 700 புகார்கள் ஏற்கெனவே அந்தக் கம்பெனிக்கு வந்திருந்தன. கப்பின் மேலே எச்சரிக்கையும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன எழுத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, லேபிளைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதில் பல வரிகளுக்குப் பின்னால் யாரோ ஒருத்தர் பட்ட கஷ்டம் இருக்கு. கடலை மிட்டாய் விஷயமும் அப்படித்தான். சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, மூச்சுத் திணறலே வரும். அதனால் பாக்கெட் உணவில் கடலை, முந்திரி, பால், கோதுமை மாதிரிப் பொருள் இருந்தால் தனியாகச் சொல்லணும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி சொல்லுது. கேட்கச் சிரிப்பா இருந்தாலும் அந்த வரி ஒரு பிள்ளையைக் காப்பாத்தும்.

நம்மைக் காப்பாத்த வேண்டிய வரி நமக்குப் புரியாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. பாக்கெட் உணவின் லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழ் கட்டாயம் இல்லை. கம்பெனி விரும்பினால் போடலாம். பூச்சி மருந்துக்கு மட்டும் விற்கிற ஊரின் மொழியிலும் அச்சடிக்கணும் என்று விதி இருக்கு. ஆனால் அந்தத் தமிழ் கடுகு மாதிரி இருக்கு. நாற்பது வயசு தாண்டினால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

நிறத்திலும் ஒரு குழப்பம் இருக்கு. சாப்பாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். பூச்சி மருந்து டப்பாவிலும் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதுக்கு அடுத்தது நீலம், கடைசியில் பச்சை. அந்தப் பச்சைக்கு "விஷம் குறைவு, ஆனாலும் கவனம்" என்றுதான் அர்த்தம். பச்சையைப் பார்த்து இயற்கை மருந்துன்னு நினைச்சு வெறுங்கையால் தொடாதீங்க.

படம் போட்டால் மட்டும் புரிஞ்சிடாது என்பதும் நம்ம விருத்தாசலத்துக்காரங்களுக்குத் தெரியும். பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்காக்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. 1,200 டிகிரி சூட்டில் வெந்த ஃபியூஸ் கட்டையையும் பொம்மையையும் வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்புறீங்க. பெட்டி மேலே காலுள்ள கண்ணாடிக் கோப்பைப் படம் இருக்கும். உடையும் பொருள் என்று அர்த்தம். ஏற்றி இறக்குற அண்ணன்கள் சிலர் அதைப் பார்த்து "உள்ளே டம்ளர் இருக்கு" என்று தலைகீழாக வைத்ததும் உண்டு. எச்சரிக்கை என்றால், யார் கையில் போய்ச் சேருதோ அவங்களுக்குப் புரியணும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்கள் தெருவில் மூன்று வயசுப் பையன் ஒருத்தன் ஃபினாயிலைக் குடிச்சிட்டான். வண்டியில் விற்க வந்தவரிடம் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊத்தி வாங்கியது. பிள்ளைக்கு அது கூல்டிரிங்ஸ்தான். ஆத்தா பதறிப்போய் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சாங்க. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து, அதில் என்ன கலந்திருக்கு?" பாட்டிலில் கூல்டிரிங்ஸ் பேர்தான் இருந்தது. யாருக்கும் பதில் தெரியவில்லை. வாந்தி எடுக்க வச்சதும் தப்பு, உள்ளே போனது திரும்பி வரும்போது தொண்டையையும் நுரையீரலையும் இன்னொரு தடவை புண்ணாக்கும் என்றார். பையன் பிழைச்சிட்டான். நாலு நாள் அவங்க அம்மா சோறு தண்ணி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஃபினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் இதையெல்லாம் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்க. இன்னொன்றும் சொல்றேன். கழிவறை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊத்தாதீங்க. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவைச் சாத்திய சின்ன அறையில் மூச்சையே அடைக்கும். பாட்டிலில் "வேறு எதனோடும் கலக்காதீர்கள்" என்று ஒரு வரிதான் இருக்கும். ஏன் என்று எழுதியிருக்க மாட்டாங்க.

தோழிகளே, நம்ம கூட்டமைப்புக் குழுக்களும் ஃபினாயில், சோப்பு ஆயில், மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் செய்றோம். கண்காட்சியில் கடை போடுறோம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சரியான எச்சரிக்கையோ உபயோகிக்கும் முறையோ சொல்லாததால் வாங்கினவருக்குக் கெடுதல் வந்தால், தயாரித்தவர் இழப்பீடு தரணும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்தைச் சொல்லவில்லை என்றால் குற்றம் இல்லை என்றும் அதே சட்டத்தில் இருக்கு. அதனால் நாம் "துணி போட்டுக்கிட்டே இஸ்திரி போடாதே" என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. தெரியாத ஆபத்தைச் சொன்னால் போதும். தயாரித்தவர் என்றால் பெரிய கம்பெனி மட்டும் இல்லைங்க, நம்ம குழுவும்தான்.

"புது பாட்டில், லேபிள் என்று போனால் விலை ஏறும், ஜனங்க வண்டிக்காரர்கிட்டயே வாங்கிக்குவாங்க" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னாங்க. அந்தக் கவலை நியாயமானதுதான். ஒரு குழு நூறு லேபிள் அடித்தால் செலவு அதிகம். எல்லாக் குழுவுக்கும் சேர்த்துக் கூட்டமைப்பே ஆயிரக்கணக்கில் அடித்தால் ஒரு லேபிளுக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். பாட்டிலையும் அப்படியே மொத்தமாக வாங்கலாம்.

அதனால் அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, யார் கேட்டாலும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஃபினாயில், சோப்பு ஆயில் ஊத்தித் தர மாட்டோம். சொந்தக்காரங்களாக இருந்தாலும் இல்லை என்று சொல்லுவோம்.

இரண்டு, பொருளின் பேர், எடை, விலை, தயாரித்த மாதம், குழுவின் முகவரி, போன் நம்பர் எல்லாத்தையும் சட்டப்படி போட்டு, அதோடு தமிழிலும் பெரிய எழுத்தில் போடுவோம். உணவுப் பொருளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் இருக்கணும்.

மூன்று, லேபிள் அச்சுக்குப் போகும் முன்னால் நம்ம குழுவில் குறைவாகப் படித்த அக்கா ஒருத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுவோம். அவங்களுக்குப் புரிஞ்சால்தான் அச்சடிக்கணும்.

நாம் வாங்குற பொருளில் லேபிள் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. நம்மகிட்ட வாங்குறவங்களுக்கும் அதே உரிமை இருக்கு.