அரிப்பும் வீட்டு மருந்தும்
(ஆஸ்பத்திரி துணையாளர் கூடுகையில் நமது சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



இன்று பேச எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் அரிப்பு. இது ஆலயத்தில் பேசக்கூடிய காரியமா என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. யோபு பக்தன் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் தன்னைச் சுரண்டிக்கொண்டதை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னவரோ ஏசாயா தீர்க்கதரிசி. அவரே பற்றுப்போடச் சொல்லியிருக்க, நாமும் நாட்டு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

டாக்டரைப் பார்க்குமுன் எங்களிடம் ஜெபத்துக்கு வருகிறவர்கள் உண்டு. காய்ச்சல் என்றால் தாராளமாய்ச் சொல்லுகிறார்கள். சிரங்கு என்றால் குரல் இறங்கிவிடுகிறது. "ஐயா, பிள்ளை ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்" என்று சுற்றி வளைத்துத் தொடங்குவார்கள். பிள்ளையின் விரல் இடுக்கைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது இது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் பரவும்; இரவில் அரிப்பு அதிகம். அழுக்கு என்று பிறர் பேசுவார்களே என்ற வெட்கத்தில் தாய்மார் மறைத்துவிடுகிறார்கள். ஒரே பாயில் நெருக்கிப் படுக்கிற எந்த வீட்டுக்கும் இது வரும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மறைப்பதனால் வரும் கேடு பெரிது. சொறிந்த புண்ணில் சீழ் வைத்து, அதன் பின்விளைவாகச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து தேயிலைச் சாயம்போல் போகும் நிலையில் அவர்களை வார்டில் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது.

இனி வேப்பிலைக்கு வருவோம். 1992-இல் வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு முதற்கட்ட ஆய்வு வெளியானது. சிரங்கு கண்ட 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில், 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாட்களுக்குள் சுகமானார்கள். நம் பாட்டிமார் கேட்டிருந்தால், இதற்கு ஆய்வு எதற்கு என்றிருப்பார்கள்! ஆனாலும் எங்கள் டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது பெர்மெத்ரின் களிம்புதான். இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசவேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கந்தகக் களிம்பும் உண்டு. நாற்றம் அடிக்கிறது என்பார்கள். கந்தகமும் பூமியில் விளைந்த மருந்துதானே.

எந்த மருந்தானாலும் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசாவிட்டால் பிரயோஜனமில்லை. அரிக்காதவரும் பூசவேண்டும். துணி, போர்வைகளை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கக்கூடும். இதை அறியாமல் மருந்து கேட்கவில்லை என்று மேலும் மேலும் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடுகிறார்கள். அந்த நாட்களில் தேங்காய் எண்ணெய் போதும்.

வயதானவர்களின் வறண்ட தோலுக்கும் அதுவே நல்லது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் அப்போது சுகமாயிருக்கும். பிறகு அரிப்பு இரட்டிப்பாகும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் முழுவதும் உலருமுன் எண்ணெய் தடவுங்கள். தொழுநோயால் வியர்வை நின்று பாதம் வெடித்தவர்களும் தினமும் அரைமணி நேரம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுகிறார்கள். காசு செலவில்லாத இந்தப் பழக்கம் எத்தனையோ பேருடைய பாதங்களைக் காத்திருக்கிறது.

இயற்கையானது என்பதற்காக எல்லாம் நல்லதல்ல. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வலிப்பு வந்து மூளை பாதிக்கப்பட்டு, உயிரே போன குழந்தைகள் உண்டு. சேராங்கொட்டை தோலைக் கொப்பளிக்கச் செய்யும். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு நாலு நாள் அடக்கி, பிறகு உடம்பெங்கும் பரப்பும். தோல் வறட்சியோ தடிப்போ இல்லாமல் உடம்பு முழுதும் அரித்தால் கல்லீரல், சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். நிறம் மாறிய தேமல் அரிக்கவும் இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை என்றால் எந்த இலையையும் அரைக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள், தொழுநோயாக இருந்தால் மருந்து இலவசம், முற்றிலும் குணமாகும்.

இப்போது எங்கள் விண்ணப்பம். கடந்த மழைக்காலத்தில் பக்கத்துப் போர்டிங் பிள்ளைகளுக்குச் சிரங்கு கண்டது. எல்லாருக்கும் ஒரே இரவில் களிம்பு பூசினோம். மறுநாள் மாற்றிக்கொள்ள இரண்டாவது போர்வை இல்லாத பிள்ளைகள் பலர். பழைய போர்வை வெயிலில் காயும்வரை பாயில் சுருண்டு கிடந்தார்கள். உங்கள் காணிக்கையில் களிம்பு வாங்கிவிட்டோம். இந்த ஆண்டு பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பருத்திப் போர்வைகளாகக் கொடுத்தால் பேருதவியாயிருக்கும். பழையதானாலும் துவைத்துக் கொடுங்கள். மழை தொடங்குமுன் வேண்டும்.

உங்கள் கேள்விகளுக்கு டாக்டர் அம்மா பதில் சொல்லுவார்கள். விரலைக் காட்ட வெட்கப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்தபின் வெஸ்ட்ரிக்கு வரலாம்.