காணி துப்புரவு: எந்த இயந்திரம், எந்தப் பெட்டி?

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை



வருடக்கணக்காக ஆள் இல்லாமல் கிடந்த காணிகளுக்கு நீங்கள் திரும்பி வந்திருக்கிறீர்கள். முற்றத்தில் நாயுண்ணியும் உடையும் பற்றையாகிவிட்டன. வேலிக் கதியாலாக நட்ட கிளுவையும் பூவரசும் மரமாகிவிட்டன. இவற்றை அப்புறப்படுத்த, கொப்பு அரைக்கும் சிப்பர் இயந்திரமும் சாய்த்துக் கொட்டும் டிப்பர் பெட்டியும் சங்கத்தின் மூலம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் முதலில் காணி, பிறகு மரம், கடைசியாக இயந்திரம். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

முதலில் காணி. மிதிவெடி அகற்றி, பாவனைக்கு ஒப்படைக்கப்பட்ட காணியில் மாத்திரம் கத்தி வையுங்கள். வேர்க்கட்டையைத் தோண்டுவதாக இருந்தால், எவ்வளவு ஆழம் வரை சோதித்தார்கள் என்று மிதிவெடி அகற்றிய பிரிவினரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். வெட்டிய பற்றையைக் குவித்து எரிக்க வேண்டாம். வெடிக்காத பொருள் ஒன்று நிலத்தில் இருந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலரிடமோ பொலிசிலோ அறிவியுங்கள்.

அடுத்தது மரம். சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் இருக்கும். பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியே தெரியாது. வேலி மரத்தில் முள்ளுக்கம்பியும் ஆணியும் இருக்கும். இப்படி ஒரு துண்டு சிப்பருக்குள் போனால் கத்தி உடையும். இரும்பு தெறித்து ஆளையும் காயப்படுத்தும். பட்டையில் பழைய காயம், வீக்கம் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். வெட்டு முகத்தில் நீலமும் கறுப்புமாகக் கறை இருந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். பதுங்குகுழி, காவலரண் இருந்த இடத்து மரங்களை இயந்திரத்தில் போடவே வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி தேவை. பிரதேச செயலகத்தில் விசாரித்த பின் வெட்டுங்கள். வெட்டிய மரத்தை வெளியே ஏற்றுவதற்கு முன்னும் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

இப்போது இயந்திரம். மணிக்கட்டை விடப் பருத்த தடி எங்களுக்கு விறகு, கதியால், பந்தல் கால். அதை அரைப்பது நட்டம். அரைக்க வேண்டியது சிறு கொப்பும் சுள்ளியும்தான். ஆகவே 3 அல்லது 4 அங்குல அளவுள்ள சிறிய சிப்பர் போதும். விற்பவர் சொல்லும் அளவு அதற்குள் போகக்கூடிய உச்ச அளவு. பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில் அதற்கும் குறைந்த கொப்பையே போடுங்கள். பனை ஓலை, மட்டை போட வேண்டாம். அவற்றின் நார் சுற்றி இயந்திரம் இறுகிவிடும்.

சிப்பரில் இரண்டு வகை உண்டு. ஒன்று நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்பக்கச் சுழல்தண்டில் பூட்டுவது. அது நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் ஓடும். விலை குறைவுதான். ஆனால் சிப்பர் ஓடும் நேரத்தில் அதே உழவு இயந்திரம் பெட்டி இழுக்க முடியாது. மற்றது சொந்த எஞ்சின் உள்ளது. சில்லுப் பூட்டிய அந்த வகையைச் சிறிய வாகனத்தின் பின்னாலும் இழுத்து ஒழுங்கைக்குள் கொண்டுபோகலாம். ஒரேயொரு உழவு இயந்திரம் உள்ள கிராமத்துக்கு இரண்டாவது வகையே உதவும்.

பெட்டி விடயத்தில் அவசரப்பட வேண்டாம். அரைத்த சிராயை ஏற்றிச் செல்லத் தேவையில்லை. உங்கள் காணியிலேயே அது பசளை. தென்னைக்கும் மாவுக்கும் அடியில் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள். பச்சைச் சிராயை மண்ணோடு கலந்தால் பயிர் சிறிது காலம் மஞ்சளாகும். கறையான் வரும் என்பதால் வீட்டுச் சுவரோரம் போட வேண்டாம். பூவரசங் குழையை வயலுக்குத் தாழ்க்கலாம்.

அப்படியானால் பெட்டி விறகுக்கும் தடிக்கும்தான். அதற்குக் கிராமத்தில் உள்ள பெட்டியை வாடகைக்கு எடுப்பதே மலிவு. வாங்குவதானால், சாய்க்கும் ஹைட்ரோலிக் உங்கள் உழவு இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பச்சைத் தடி பாரமானது. விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சமதரையில், மின்கம்பி இல்லாத இடத்தில் சாய்த்துக் கொட்டுங்கள். பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. மாரியில் பெட்டி சேற்றில் புதையும். ஏற்றியிறக்கும் வேலையைக் கோடையிலேயே முடியுங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் இயந்திரம் வாங்கத் தேவையில்லை. ஒரு காணியில் சில நாள் வேலைதான். சங்கம் ஒன்றை வாங்கி, முறை வைத்துக் கொடுக்கட்டும். டீசல், கத்தி தீட்டுதல், புதுக் கத்தி, பெல்ட் ஆகிய செலவுகள் அடங்கும்படி வாடகையை வையுங்கள். உதிரிப்பாகம் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். கத்தி கிடைக்காத சிப்பர் கொட்டிலில் கிடந்து கறள் பிடிக்கும்.

கடைசியாக, ஓட்டுபவருக்கு. சாரம், சால்வை, தொங்கும் சேலைத்தலைப்பு அருகில் வரக்கூடாது. கண்ணாடியும் காலில் சப்பாத்தும் வேண்டும். கடைசித் துண்டைக் கையால் அல்ல, இன்னொரு தடியால் தள்ளுங்கள். அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சுழற்சி முற்றாக நின்ற பிறகே திறவுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் வைத்திருங்கள்.

இவ்வளவு காலம் கடந்து கிடைத்த காணி இது. துப்புரவு ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. எல்லோரும் முழு உடம்போடு அதில் குடியிருக்க வேண்டும். உங்கள் கேள்விகளை இப்போது கேளுங்கள்.