பழைய வீடும் போட்ட முதலும்



பழைய வீட்டை வாங்குவோர் பலர் மனையின் சதுர அடியை மட்டுமே எண்ணுகின்றனர். இடித்து அடுக்ககம் எழுப்புவதே ஆதாயம் என்பது அவர்தம் கணக்கு. அதற்கு மறுமொழி புதுச்சேரியிலேயே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு, இன்டாக் அமைப்பின் முயற்சியால் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் செப்பனிடப்பட்டன. திண்ணையும் தூண் தாங்கிய தாழ்வாரமும் மீண்டன. 2008-இல் அப்பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றது. பெருமாள் கோயில் வீதியின் பழந்தமிழ் வீடொன்று இன்று மேசோன் பெருமாள் என்னும் விடுதியாகி வருவாய் தருகிறது.

சுத்துக்கேணி போன்ற சிற்றூர்க்கு அவ்வருவாய் எளிதில் வாராது. ஆதலின் இங்கு முதலிடுவோர் மேலும் நிதானிக்க வேண்டும். முதற்கண் வில்லங்கச் சான்றும் பங்காளிகள் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். அடுத்து கூரை, ஒழுகும் கூரையின்கீழ்ச் செய்யும் பூச்சு வீண் செலவே. பின்னர் சுவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். சுண்ணாம்புக் காரையே அதற்கு ஏற்றது. வண்ணம் இறுதியில்தான்.

பிள்ளைகள் வெளியூரில் வாழ, முற்றத்து வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பாகப் பூசலால் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுமுன், பழைய வேலை அறிந்த கொத்தனார் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் அழைத்துச் செலவைக் கணக்கிடுங்கள். விற்பதா, காப்பதா என்பதை அதன்பின் குடும்பமாகக் கூடி முடிவு செய்யுங்கள்.