இரண்டு ஏடுகள், ஒரே கணக்கு



பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டால், ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் தேடுவது பெற்றோரின் தொலைபேசி எண்ணைத்தான். பதிவேட்டில் உள்ள எண்ணை அழைத்தால் சில வேளைகளில் மறுமுனையில் யாரோ அந்நியர் பேசுவார். "அந்த நம்பர் போன வருசமே மாறிப்போச்சு ஐயா" என்று பிள்ளை சொல்லும். புதிய எண்ணைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அது அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. அம்மாவோ அந்த நேரம் செம்பனைக் காட்டில் இருப்பார்.

இது பள்ளிக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. ஒரு வீட்டில் அப்பாவின் கைப்பேசியில் சில பெயர்கள் இருக்கின்றன. அம்மாவின் கைப்பேசியில் வேறு சில. படிக்கும் மகளின் மடிக்கணினியில் இன்னும் சில. பாட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டிய நாள் ஓர் அட்டையில் இருக்கிறது. அந்த அட்டை எங்கே என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, உறவினர் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப்போன பிறகு, அவர்களோடு நம்மைக் கட்டிவைத்திருப்பது இந்த எண்கள்தாம். கைப்பேசியிலும் கணினியிலும் இவற்றை ஒரே நிலையில் வைத்திருப்பது எப்படி என்பதை இன்று காண்போம்.

கைப்பேசித் திரையில் 'சிங்க்' என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். மலாய்மொழியில் அமைத்திருந்தால் 'செகெராக்' என்ற சொல் வரும். கெராக் என்றால் அசைவு. செகெராக் என்றால் ஒருசேர அசைதல். தமிழில் இதனை ஒத்திசைவு என்கிறோம். மூன்றில் மலாய்ச் சொல்லே பொருளை உடனே காட்டுகிறது என்பது நம் எண்ணம்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. காலையில் பெரட்டுக் களத்தில் மண்டோர் தம் சிறிய ஏட்டில் வந்தவர் பெயரைக் குறித்துக்கொள்வார். அலுவலகத்தில் கிராணியாரிடம் செக்ரோல் என்னும் பெரிய ஏடு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்தால்தான் மாதக் கடைசியில் சம்பளம் ஒழுங்காக வரும். மண்டோரின் ஏட்டில் இருந்து செக்ரோலில் விடுபட்டால் ஒருநாள் கூலி போயிற்று. கைப்பேசி மண்டோரின் சட்டைப்பை ஏடு. கணினித் திரையில் காண்பது செக்ரோல். ஒத்திசைவு என்பது இவ்விரண்டையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்து அடுத்ததில் பதிவது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பைலட் என்ற கையடக்கக் கருவி வெளிவந்தது. பிறகு பாம் பைலட் என்று பெயர் பெற்றது அதுவே. கருவியைக் கணினியோடு இணைந்த ஒரு தாங்கியில் நிறுத்தி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், பெயர்களும் நாள்களும் இரு பக்கமும் சமமாகிவிடும். இன்று தாங்கியும் இல்லை, கம்பியும் இல்லை. கைப்பேசியும் கணினியும் நேராகப் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இல்லை. இரண்டும் இணையத்தின் வழியே மூன்றாவது ஓர் இடத்திற்குச் சென்று ஒப்பிட்டுக்கொள்கின்றன. அந்த மூன்றாவது இடமே உங்கள் கணக்கு. ஆண்டிராய்டு கைப்பேசியில் அது கூகல் கணக்கு, ஐபோனில் ஐகிளவுட். பெரிய ஏட்டின் உண்மையான இருப்பிடம் அதுதான். இந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்றவை எளிது.

ஒரு பெயரைக் கைப்பேசியில் பதியும்போது அது மூன்று இடங்களில் ஒன்றில் போய் உட்காரலாம். சிம் அட்டையில் உட்காரலாம்; கருவியின் சொந்த நினைவகத்தில் உட்காரலாம்; கணக்கில் உட்காரலாம். முதல் இரண்டில் உள்ளவை தாமாக ஒத்திசையமாட்டா. சிம் தொலைந்தால் அதிலுள்ளவை போகும்; கருவி உடைந்தால் அதிலுள்ளவை போகும். கணக்கில் உள்ளவை மட்டுமே புதிய கைப்பேசியில் மீண்டும் வந்து நிற்கும். ஆகவே, புதிய பெயரைப் பதியும்போது "எங்கே சேமிப்பது" என்று திரை கேட்டால் உங்கள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பெயர்கள் சிம்மில் இருந்தால், கூகலின் காண்டாக்ட்ஸ் செயலியிலேயே சிம்மிலிருந்து கணக்கிற்குக் கொண்டுவர வழி இருக்கிறது.

கடையில் புதிய கைப்பேசி வாங்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். "அக்கா, இமெயில் இருக்கா?" என்று பையன் கேட்பான். "அதெல்லாம் தெரியாதுப்பா, நீயே போட்டுக் குடு" என்போம். அவனும் ஒரு புதிய கணக்கைத் திறந்து, வாய்க்கு வந்த கடவுச்சொல்லைப் போட்டுத் தந்துவிடுவான். இப்படி மூன்று கைப்பேசி மாற்றிய வீட்டில் மூன்று கணக்கு இருக்கும். ஒன்றின் கடவுச்சொல்லும் எவருக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தந்தையை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்தபோது, அன்று பகலில் மழையில் நனைந்து செத்துப்போன கைப்பேசிக்குள் இரண்டு மகள்களின் எண்களும் அகப்பட்டுக்கொண்டன. பெயர்கள் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தன. திறக்கும் சாவி இல்லை. மகள்களுக்குச் செய்தி போய்ச் சேர மறுநாள் மதியம் ஆயிற்று. கடைக்காரப் பையனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை; கேட்டதை அவன் செய்தான். வீட்டுக்கு ஒரு நோட்டில் கணக்கின் முகவரியையும் கடவுச்சொல்லையும் எழுதிப் பிறப்புப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்திருந்தால் போதும்.

இனி, கணினி எதற்கு என்று கேட்பீர்கள். நூறு பெயர்களைச் சிறிய திரையில் விரலால் திருத்துவதைவிடப் பெரிய விசைப்பலகையில் திருத்துவது எளிது. 'மாமா', 'மாமா 2', 'மாமா புதுசு' என்று கிடப்பதை, எந்த மாமா, எந்த ஊர், எந்த எண் இப்போது உள்ளது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சீர்செய்யலாம். இருமுறை பதிந்த பெயர்களை ஒன்றாக்கும் வசதியும் உண்டு. கணினியில் திருத்தியது, இணையம் கிடைத்த சற்று நேரத்தில் கைப்பேசியிலும் தெரியும். நாள்காட்டியும் இப்படியே. கிளினிக் செல்லும் நாளை மகள் கணினியில் பதிந்தால், அதே கணக்குள்ள அம்மாவின் கைப்பேசி உரிய நாளில் மணி அடிக்கும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். மகன் தன் கைப்பேசியில் அப்பாவின் கணக்கைச் சேர்த்தால், மகனின் நண்பர் அனைவரும் அப்பாவின் பட்டியலில் வந்து நிற்பர். மகன் துடைத்தால் அப்பாவுக்கும் துடைபடும். கல்வி அமைச்சு மாணவர்க்கு வழங்கும் டெலிமா கணக்கு பாடத்திற்கு உரியது. குடும்ப எண்களை அதில் வைப்பது பொருந்தாது.

துடைபடும் என்றோம். இதுவே பலரும் அறியாத இடம். ஒத்திசைவுக்கு, சேர்ப்பதும் மாற்றமே, அழிப்பதும் மாற்றமே. மண்டோர் ஒரு பெயரை அடித்துவிட்டால் செக்ரோலிலும் அது அடிபடும். தவறி அடித்தாரா, வேண்டுமென்றே அடித்தாரா என்று கருவி கேட்பதில்லை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று படங்களை அழிக்கிறோம். கூகல் போட்டோஸில் காப்பாகிவிட்ட படத்தை அச்செயலியிலேயே அழித்தால், கணினியில் பார்த்தாலும் அது இராது. 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு மீளாது. இடம் வேண்டுமானால், கருவியிலுள்ள பிரதியை மட்டும் நீக்கும் 'இடத்தைக் காலியாக்கு' என்னும் வழி அதே செயலியில் உண்டு, அதனைப் பயன்படுத்துங்கள். தொடர்பு எண்களுக்குத் தவணை 30 நாள். அதற்குள் கணினியில் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, 'மாற்றங்களை நீக்கு' என்பதன்வழி முழுப் பட்டியலையும் நேற்றைய நிலைக்கோ சென்ற வார நிலைக்கோ திருப்பலாம்.

எனவே ஒத்திசைவு வேறு, தனிப்பிரதி வேறு. அந்தக் காண்டாக்ட்ஸ் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் இருக்கும். அதனை அழுத்தினால் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பாக இறங்கும். விகார்ட் என்னும் வகையைத் தேர்ந்தால் ஐபோனும் ஆண்டிராய்டும் இரண்டும் அதனைப் படிக்கும். அதை ஒரு விரலியில் போட்டு வையுங்கள். மிக முக்கியமான 20 எண்களைத் தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

வீட்டில் கணினி இல்லாதோர் 'நாடி' எனப்படும் சமூக இணைய மையங்களுக்குச் செல்லலாம். பொதுக் கணினியில் உலாவியை விருந்தினர் முறையில் திறந்து வேலை செய்யுங்கள். "ஒத்திசைவை இயக்கவா" என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் கடவுச்சொற்கள் அங்கேயே தங்கிவிடக்கூடும். இறக்கிய கோப்பையும் அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்திருங்கள்.

இன்னும் ஒன்று. கடவுச்சொல்லை மறந்தால், கூகல் ஓர் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். அது செல்வது கணக்கில் பதிந்துள்ள தொலைபேசி எண்ணுக்கு. ப்ரீபெய்ட் எண்ணுக்குப் பணம் ஏற்றாமல் விட்டால் எண் காலாவதியாகி, பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். எண் மாறிய அன்றே கணக்கிலும் மாற்றுங்கள். பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலும், 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கும் வழக்கத்தைக் கூகல் 2023 டிசம்பரில் தொடங்கியது. பெட்டியில் கிடக்கும் பழைய கைப்பேசியின் கணக்கில் காலஞ்சென்ற தாத்தாவின் படங்கள் இருந்தால், அந்தக் கணக்கை இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.