வீட்டு வாசல் வரை போகிற உதவி

(சம்பளக் கிழமை முடிந்த ஞாயிறு, தோட்டச் சமூக மண்டபத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து போகும்போது ஒரு அக்கா என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாங்க. "ஐயா, செத்த வீட்டுக்கு மரண உதவிச் சங்கம் காசு கொடுக்குது. உசுரோட கஷ்டப்படுற வீட்டுக்கு யாரு கொடுக்குறது?" அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இன்றைக்கு போஷாக்கு, கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேறு ஊர்களில் கோயில்கள் கஷ்டப்பட்ட வீடுகளை எப்படித் தாங்குகின்றன என்று பேசப் போகிறேன். கோயில் என்று நான் சொல்வது இங்கே கிறிஸ்தவக் கோயில்களை. ஆனால் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரரும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.

என் மனைவியின் தங்கையை யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அதனால் வருடத்தில் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போக வேண்டி வரும். யாழ்ப்பாண டவுனில் இருந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டிப் போனால் அச்சுவேலி. எல்லாம் செம்மண். அங்கே "தோட்டம்" என்றால் கம்பனித் தோட்டம் இல்லை. நாலு பரப்புத் தறையில் வெங்காயம், புகையிலை, மரக்கறி போடுவதைத்தான் தோட்டம் செய்கிறது என்று சொல்லுவார்கள். ஆறு கிடையாது. கிணற்றை நம்பித்தான் பயிர். நமக்கு மழை கூடினால் கஷ்டம், அவர்களுக்கு மழை இல்லாவிட்டால் கஷ்டம். சொந்தத் தறை இல்லாதவர்கள் மற்றவர் தறையில் புல்லுப் பிடுங்க, வெங்காயம் கிண்டக் கூலிக்குப் போவார்கள். வேலை இருக்கிற நாளைக்குத்தான் காசு. செக்ரோல் கிடையாது, சேமலாப நிதி கிடையாது.

அதற்கு மேலே யுத்தம். 1990இல் இருந்து பலாலி, வசாவிளான் பக்கத்துச் சனம் வீட்டை விட்டு வந்தது. பாதுகாப்பு வலயம் என்று காணி போனது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. சில இலட்சம் பேர். அந்த நேரம் தங்குவதற்கு இருந்த இடங்கள் பாடசாலைகளும் கோயில்களும்தான். அதே வருடம் யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. பிறருக்குக் கொடுக்கிற கைகளும் அந்த ஊரில் வெறுங்கையாகத்தான் இருந்தன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கக் கோயில்களில் புனித வின்சென்ட் டி போல் சபை என்று ஒன்று உண்டு. யாழ்ப்பாண மறைமாவட்டத்துப் பங்குகளில் இது பல தலைமுறையாக இருக்கிறது. நமது மலையகத்திலும் சில பங்குகளில் இருக்கிறது. இதைத் தொடங்கியது ஒரு பெரிய சுவாமியாரும் இல்லை, பணக்காரரும் இல்லை. 1833ஆம் ஆண்டு பாரிஸ் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள். அதில் முக்கியமானவர் பிரெடெரிக் ஓசானாம். அப்போது வயது 20. "உங்கள் கோயில் அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்று வாக்குவாதத்தில் ஒருவர் கேட்டாராம். பதில் சொல்ல வாய் வரவில்லை. ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி, பாரிசின் ஏழைச் சந்துகளில் வேலை செய்தவர், எந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். தங்கள் அறையில் குளிர் காய வைத்திருந்த விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஏழை வீட்டில் கொடுத்ததுதான் அவர்களுடைய முதல் தர்மம் என்று சொல்வார்கள். விறகின் அருமை குளிர் ஊர்க்காரரான நமக்குத் தெரியாததா! இன்றைக்கு அந்தச் சபை சுமார் 150 நாடுகளில் இருக்கிறது.

அதன் பழக்க வழக்கம் என்னவென்றால், கிழமைக்கு ஒரு தடவை கூடுவார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு பையைச் சுற்றி அனுப்புவார்கள். எல்லாரும் கையை உள்ளே விடுவார்கள். யார் எவ்வளவு போட்டது, யார் ஒன்றும் போடாமல் கையை எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு மிகவும் பிடித்த காரியம். நமது ஊரில் மைக்கில் பெயர் வாசிக்காவிட்டால் நன்கொடை வராது.

பிறகு கஷ்டப்பட்ட வீட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து போவார்கள். தனியாகப் போகக் கூடாது. ஒருவர் மட்டும் போனால் பக்கச்சார்பு வரும், வீண் கதையும் வரும். சாமானை வாசலில் வைத்துவிட்டு ஓடி வருவதும் இல்லை. உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை, கிளினிக் கார்ட் எங்கே, அடகு வைத்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வருவார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லித் தீர்மானம் எடுப்பார்கள். வெளியில் பேச மாட்டார்கள். கத்தோலிக்கரா, சைவரா என்று பார்த்துக் கொடுப்பதில்லை என்பது சபையின் சட்டம்.

அச்சுவேலியில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாய். புருஷன் யுத்தத்தோடு போனவர். இரண்டு பிள்ளைகள். வெங்காயக் கூலிதான் பிழைப்பு. கோயில் ஆட்கள் முதலில் அரிசி, மா, சீனி கொண்டு வந்தார்கள். மூன்றாம் தடவை வந்தபோதுதான் அந்தத் தாய் வாய் திறந்து, நுண்கடன் கம்பனிக்குக் கிழமைக் கட்டுக்காசு கட்டுவதற்காகப் பிள்ளையின் தோட்டை அடகு வைத்ததைச் சொன்னாளாம். மூன்று தடவை! முதல் தடவையே ஒரு படிவத்தை நீட்டி "கடன் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். நானும் படிவம் நிரப்புகிற உத்தியோகத்தில் இருக்கிறவன். அதனால் இந்த விஷயம் என் மனதில் நன்றாகப் பதிந்தது.

மெதடிஸ்த சபையார் பக்கத்துப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. மறைமாவட்டத்தின் கியூடெக் நிறுவனம் வீடு, மலசலகூடம், கிணறு, சுயதொழில் என்று பெரிய வேலைகளைச் செய்கிறது. நமது பக்கம் கண்டி மறைமாவட்டத்தின் செட்டிக் இருப்பது போல. அச்சுவேலிக்குக் கிட்டத் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் மடம் ஒன்று உண்டு. அந்தத் துறவிகள் பிறர் கையை எதிர்பார்க்காமல் தாங்களே உழைத்து, நெல்லி ரசம் முந்திரிகை ரசம் செய்து விற்றுச் சீவிக்கிறவர்கள்.

இன்னொரு பழக்கம் பிடியரிசி. அமெரிக்க மிஷன் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன்னே ஒரு பிடி எடுத்து வேறு சட்டியில் போட்டு வைப்பார்கள். அது சேர்ந்ததும் சபைக்குப் போகும். இந்தியாவில் மிசோரம் மலையில் 1910இல் தொடங்கிய இதே மாதிரிப் பழக்கம் இன்றும் நடக்கிறது. அவர்களும் மலைச்சனம், காசு புழங்காத சனம். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் சோறு போதாமல் போகவில்லை.

இனித் தென்னாபிரிக்காவைப் பற்றிக் கொஞ்சம். ஏன் அவ்வளவு தூரம் என்று நினைக்காதீங்க. நமது பாட்டன்மார் கண்டிச் சீமைக்குக் கோப்பிக்கு வந்த அதே காலத்தில், அதே மாதிரி ஊர்களில் இருந்து, 1860 நவம்பர் 16ஆம் திகதி "ட்ரூரோ" என்ற கப்பல் சென்னையில் இருந்து போய் டர்பனில் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள். 1911 வரை சுமார் 1 இலட்சத்து 52 ஆயிரம் பேர் இந்தியாவில் இருந்து அப்படிப் போனார்கள். பெருந்தொகை தமிழரும் தெலுங்கரும். நாம் ஒரு கப்பல், அவர்கள் ஒரு கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார்தான் 1852இல் நேட்டாலுக்கும் போனார்கள்.

அங்கே நிறவெறிச் சட்டத்தால் இந்தியரை இருந்த இடத்தில் இருந்து கிளப்பி, டர்பனுக்கு வெளியே சட்ஸ்வர்த் போன்ற குடியிருப்புகளில் 1960களில் கொண்டுபோய் விட்டார்கள். கறுப்பினத்தவருக்கு அதைவிட மோசம். அப்போது டர்பன் பேராயர் டெனிஸ் ஹேர்லி என்பவர் நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்தார். 1976இல் பல சபைகளையும் ஒன்று சேர்த்து "டியாக்கோனியா" என்ற அமைப்பைத் தொடங்கினார். சோற்றுப் பொதி கொடுப்பதோடு நிற்காமல், சனம் ஏன் பசியோடு இருக்கிறது என்று கேட்ட அமைப்பு அது. பின்னாளில் எயிட்ஸ் நோய் வந்து தாய் தகப்பன் செத்து, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தம்பி தங்கைக்குச் சமைத்துப் போடுகிற வீடுகள் அங்கே உண்டாகின. கோயில் பெண்கள் வீடு வீடாகப் போய் நோயாளிக்குக் குளிப்பாட்டினார்கள், மருந்து எடுக்கப் பழக்கினார்கள். 2004இல் இருந்து கத்தோலிக்க ஆயர்கள் பேரவை எயிட்ஸ் மருந்தையே ஏழைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இன்றும் அங்கே சூப் சமையலறை, பாடசாலைச் சீருடை, உணவுப் பொதி எல்லாம் கோயில்கள் வழியாக நடக்கிறது. 2022இல் நமது நாட்டில் காஸ் இல்லை, பால்மா இல்லை என்ற நேரம் இங்கேயும் கோயில்கள் சமூகச் சமையலறை நடத்தியது உங்களுக்குத் தெரியும்.

எல்லாம் கிறிஸ்தவர்தான் செய்தார்கள் என்று யாரும் மனம் கோண வேண்டாம். டர்பனில் 1921இல் இந்துக்கள் தொடங்கிய ஆரிய உதவி இல்லம் உண்டு. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் திக்கற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். உண்டியல் காசு கோபுரத்துக்கு மட்டும் இல்லை என்று காட்டியவர் அவர்.

குறையையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் உதவி வாங்குகிற ஆளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். ஒரு மூட்டை அரிசிக்கு நாலு பேர் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வெட்கப்படும். ஜெபத்துக்கு வந்தால்தான் சாமான் என்று சொல்லுகிற கூட்டமும் உண்டு. அது தர்மம் இல்லை, வியாபாரம். வேறு சில இடங்களில் வருடக்கணக்காகப் பொதி கொடுத்துக் கொடுத்தே ஒரு குடும்பத்தைக் கை நீட்டப் பழக்கிவிடுவார்கள். பொதியோடு ஒரு தையல் மெசினோ, பத்துக் கோழியோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமோ சேர வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? சொல்கிறேன். ஒரு வீட்டில் தாய் சுகயீனமாகி மாதத்தில் பாதி நாள் பேர் விழாவிட்டால், முதலில் கடைக்காரர் கடன் நிற்கும். அடுத்தது நகை. அதற்கும் அடுத்தது என்ன? தரகர் வருவார். "பிள்ளையை நல்ல வீட்டில் விடுறேன், மூணு வேளை சோறு, மாசம் காசு" என்பார். முந்திய காலத்தில் நமது பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் அப்படித்தான் போனார்கள். இப்போது கூடுதலாகக் கொழும்புக்கு. 2021இல் வீட்டு வேலைக்குப் போன ஒரு மலையகப் பிள்ளை தீக்காயத்தோடு செத்ததை நாடே பேசியது. அதே வருடம் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இல் இருந்து 16 ஆக்கினார்கள். சட்டம் நல்லதுதான். ஆனால் தரகர் வருவது இரவில், அடுப்பு எரியாத வீட்டைப் பார்த்து. நாம் அவருக்கு முன்னே போக வேண்டும். பிள்ளை ஏற்கனவே போயிருந்தால் 1929 இலக்கத்துக்குச் சொல்லுங்க, காசு செலவில்லை.

மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கணக்குப் புத்தகம் இருக்கிறது, நம்பிக்கையான பொருளாளர் இருக்கிறார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் புத்தகம் போதும். துரை அனுமதி தேவையில்லை, கம்பனி காசு தேவையில்லை. பை ஒன்று நான் தைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். வாய் குறுகலாகத்தான் தைத்தது, உள்ளே யார் என்ன போடுகிறார் என்று தெரியாது. பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் ஒரு பெரிய பேணி கொடுத்திருக்கிறேன். விருப்பமானவர்கள் பிடியரிசியை அதில் போடலாம்.

வீடுகளுக்குப் போவதற்கு நாலு பேர் தேவை. இரண்டு பெண்கள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பெண்ணிடம்தான் பெண் பேசுவாள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம், எந்தச் சாமி என்று நான் கேட்க மாட்டேன். வாயைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. கீழ்க்கணக்கில் ஒரு வீடு இருக்கிறது. பெயர் இங்கே சொல்ல மாட்டேன், யாரென்று யோசிக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு முதல் தடவை அங்கே போகலாம் என்று இருக்கிறேன். வர விருப்பமானவர்கள் இப்போது கை தூக்க வேண்டாம், தேத்தண்ணி குடித்து முடிந்ததும் தனியாக வந்து சொல்லுங்க.